பழைய வின்டேஜ் ஷாம்பெய்ன்: வாங்குவதிலிருந்து கடைசிக் கிளாஸ் வரை முழுமையான வழிகாட்டி

பதினைந்து, இருபது வயதான வின்டேஜ் ஷாம்பெய்ன் (ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து செய்தது) ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள், ஒல்லியான ஃப்ளூட் கிளாஸில் விளிம்பு வரை ஊற்றுகிறார்கள், முதல் வாய் குடித்ததும் "நுரையே இல்லையே, போயிடுச்சு போல" என்று முகம் சுளிக்கிறார்கள். பல நேரம் பாட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. குளிரும் அவசரமும்தான் அதைக் கெடுத்துவிடுகின்றன.

பழைய ஷாம்பெய்னை முதலில் ஒயினாகப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் நுரைக்கும் பானமாக. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த எண்ணத்திலிருந்துதான் வருகின்றன. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியில் விட்டதை அடுத்த படியில் சரிக்கட்ட முடியாது.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு வெள்ளை ஒயின் கிளாஸ் அல்லது அகலமான டியூலிப் கிளாஸ், ஐஸ் வாளி, சுத்தமான தடித்த துணி, சாதாரண கார்க் திருகி, சமையலறை தெர்மாமீட்டர், துப்புவதற்கு ஒரு குவளை, குறிப்பெடுக்கக் காகிதம். திருகி எதற்கு என்று 7-ஆம் படியில் தெரியும். 750 மில்லி பாட்டில் ஆறு பேருக்குச் சரியாக இருக்கும், எட்டுப் பேர் வரை சமாளிக்கலாம். பத்துப் பேரைக் கூப்பிட்டால் யாருக்கும் முழு இரண்டாம் சுற்று கிடைக்காது. இரண்டாம் சுற்று இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதில் அர்த்தமில்லை.

1. லேபிளில் ஒரு ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள்

லேபிளில் பெரிதாக இருப்பது அறுவடை ஆண்டு. அதை மட்டும் வைத்து வயதைக் கணக்குப் போடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தப்பு.

ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள் இரண்டு விதமாக மூப்படைகிறது. இரண்டாம் நொதிப்பு பாட்டிலுக்குள்ளேயே நடந்து, வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் படிகிறது. அந்தப் படிவோடு கிடக்கும் காலம் முதல் கட்டம். ஈஸ்ட் செல்கள் மெல்லச் சிதைந்து ஒயினுக்குள் கலக்கின்றன. புதிதாகச் சுட்ட ரொட்டியின் வாசனையும் வாயில் படரும் மென்மையும் இதனால் வருகின்றன. படிவு ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் இளமையாகவும் இருக்கிறது.

பிறகு படிவை வெளியேற்றி, கொஞ்சம் சர்க்கரை கலந்த ஒயினைச் சேர்த்து, கார்க் அடிக்கிறார்கள். இந்தச் சேர்ப்புக்குப் பெயர் டோசாஜ். இங்கிருந்து இரண்டாம் கட்டம். கார்க் வழியாகத் துளித்துளியாக ஆக்சிஜன் நுழைகிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஆண்டுக்கணக்கில் மெதுவாக வினைபுரிந்து வறுத்த பருப்பு, தேன், காபிக்கொட்டை வாசனைகளைத் தருகின்றன.

அதனால் 2002 அறுவடையின் ஒரு பாட்டில் 2010-லும் இன்னொன்று 2018-லும் படிவு நீக்கப்பட்டிருந்தால், இரண்டும் ஒரே ஒயின் என்று சொல்லவே கஷ்டமாக இருக்கும். முன்னது பொன்னிறமாகத் தேனும் பருப்புமாக இருக்கும். பின்னது இன்னும் விறைப்பாக, எலுமிச்சையும் ரொட்டியுமாக நிற்கும்.

படிவு நீக்கிய தேதியை எங்கே தேடுவது? பின் லேபிளில். பொலான்ஜே நிறுவனம் தாமதமாகப் படிவு நீக்கி வெளியிடும் ஆர்.டி. பாட்டில்களில் தேதி அச்சிடப்பட்டிருக்கும். க்ரூக் நிறுவனத்தின் பாட்டிலின் பின்னால் ஓர் ஆறிலக்க எண் இருக்கும்: முதல் இலக்கம் காலாண்டு, அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. 316 என்று தொடங்கினால் 2016-இன் மூன்றாம் காலாண்டு. டோம் பெரினியோன் என்ற ஷாம்பெய்னில் பி2 என்று போட்டிருந்தால், அதே அறுவடையைப் பதினைந்து ஆண்டு அளவில் படிவோடு வைத்துத் தாமதமாக வெளியிட்டது என்று பொருள். பல பழைய பாட்டில்களில் ஒன்றுமே இருக்காது. அப்போது ஓர் உத்தேசம்தான்: பெரிய நிறுவனங்கள் வின்டேஜை ஏறக்குறைய 6 முதல் 10 ஆண்டுகளில் சந்தைக்கு விடுவது வழக்கம். சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டு.

படிவு நீக்கி ஒன்றிரண்டு மாதம்கூட ஆகாத பாட்டிலை உடனே திறக்க வேண்டாம். அந்தச் செயல்முறையில் பட்ட காற்றும் புதிதாகச் சேர்த்த டோசாஜும் ஒயினோடு ஒன்றாமல் தனித்தனியாகத் தெரியும். ஆறு மாதமாவது பொறுங்கள்.

2. அறுவடை ஆண்டின் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அந்த ஆண்டு சூடா, குளிரா என்று தெரிந்தால் போதும். 2008 குளிர்ச்சியான ஆண்டு. புளிப்பு கூர்மையாக இருக்கும், நிதானமாக மூப்படையும். 2003-இல் வசந்தத்தில் பனி அடித்தது, கோடையில் வெயில் கொளுத்தியது, ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கியது. புளிப்பு குறைவு, சீக்கிரம் பழுத்துவிடும். 1996-இல் புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்தே உயர்ந்திருந்தன. சில 1996-கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. சிலவற்றில் பழச்சுவை போய்ப் புளிப்பு மட்டும் மிச்சமிருக்கிறது. 1990 வெயில் நிறைந்த, சதைப்பற்றான ஆண்டு.

இதைத் தெரிந்துகொள்வது எதற்கென்றால், 2003-இன் பாட்டிலில் "புளிப்பு போதவில்லையே" என்று குறைப்படாமல் இருப்பதற்கு. அது அந்த ஆண்டின் இயல்பு.

3. வாங்கும்போது பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

நேராக நிறுத்தி, ஒயின் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கழுத்தில் இருக்க வேண்டும். தோள் வரை இறங்கியிருந்தால் கார்க் வழியாக ஒயின் கசிந்திருக்கிறது. ஒயின் போன வழியாகக் காற்று உள்ளே வந்திருக்கும், வாயுவும் வெளியேறியிருக்கும். மேலுறைக்கு அடியில் பிசுபிசுப்போ கறையோ இருந்தாலும் அதே கதை.

நிறம் பொன்னாக இருக்கலாம், ஆழ்ந்த பொன்னாகவும் இருக்கலாம். தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டதென்றால் வேண்டாம்.

எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். இதுதான் விலையைவிட முக்கியமான கேள்வி. ஷாம்பெய்ன் தயாராகும் ரெய்ம்ஸ் நகரின் சுண்ணாம்புக் குகைகளில் ஆண்டு முழுக்க 10 முதல் 12 டிகிரி. பிறந்த இடத்தின் அந்தக் குளிரிலேயே இருந்த பாட்டிலும், கடை அலமாரியின் விளக்கடியில் ஐந்து ஆண்டு நின்ற பாட்டிலும் ஒன்றல்ல. சென்னையிலோ மதுரையிலோ வீட்டு பீரோவில், யாரோ கொண்டுவந்து கொடுத்த ஷாம்பெய்ன் பத்து வருடமாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அதை மூப்படைந்த ஒயினாக எண்ணிக் கூட்டம் கூட்டாதீர்கள். 32, 35 டிகிரியில் அந்த வினைகள் எல்லாம் பல மடங்கு வேகமாக ஓடி, ஒயின் வெந்துபோயிருக்கும்.

வெளிச்சமும் எதிரி. நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் வரும் கிறிஸ்டால் என்ற ஷாம்பெய்னுக்கு மஞ்சள் நிற செலோஃபேன் சுற்றியிருப்பது புற ஊதாக் கதிரைத் தடுக்கத்தான். பாட்டில் அழகாகத் தெரிய வேண்டும் என்று அதை உரித்து அலமாரியில் வைப்பவர்களைப் பார்க்கலாம். திறக்கும் நிமிடம் வரை அது இருக்கட்டும்.

மேக்னம், அதாவது ஒன்றரை லிட்டர் பாட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள். கழுத்தும் கார்க்கும் கிட்டத்தட்ட அதே அளவு, உள்ளே இருப்பதோ இரட்டிப்பு ஒயின். ஒயினின் அளவோடு பார்த்தால் காற்று பாதிதான் படுகிறது. அதனால் மெதுவாக, சீராக மூப்படைகிறது. அரை பாட்டிலில் இதற்கு நேர்மாறு. பழைய வின்டேஜை அரை பாட்டிலில் வாங்குவது சூதாட்டம்.

4. முந்தைய நாள்

படுத்திருந்த பாட்டிலை எடுத்து நேராக நிறுத்துங்கள். பெரும்பாலான படிவு ஏற்கெனவே நீக்கப்பட்டதுதான் என்றாலும், வயதான பாட்டில்களில் மெல்லிய படிகத் துகள் இருக்கலாம். அது அடியில் இறங்கட்டும். பயணம் செய்து வந்த பாட்டில் என்றால் ஒரு வாரமாவது அசைக்காமல் வைப்பது நல்லது.

திறக்கப்போகும் அறையில் அன்று ஊதுபத்தி வேண்டாம், தாளிப்பு வேண்டாம். வருபவர்களிடம் சென்ட் போட வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் போட்டு வந்தாலும் அறையில் உள்ள அத்தனை பேரும் அவர் வாசனையைத்தான் குறித்துக்கொண்டு போவார்கள்.

5. குளிர்விப்பது: நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக

இளம் ஷாம்பெய்னுக்கு 8 டிகிரி சரி. பழைய வின்டேஜ் கிளாஸில் இருக்கும்போது 10 முதல் 13 டிகிரி இருக்க வேண்டும். மூப்பால் வந்த தேன், காளான், வறுத்த பருப்பு வாசனைகள் குளிரில் மேலே எழும்பாது. 5 டிகிரியில் மிஞ்சுவது புளிப்பும் சில்லிப்பும் மட்டும். அப்படிக் குடிப்பதற்கு இருபது வருடம் காத்திருக்க வேண்டியதே இல்லை.

ஆனால் திறக்கும்போது இதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக, 8 அல்லது 9 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்த திரவத்தில் வாயு நன்றாகக் கரைந்திருக்கும், அழுத்தம் குறையும், கார்க் சீறாது. கிளாஸில் விழுந்த பிறகு அறைச் சூட்டில் தானாக ஏறிக்கொள்ளும்.

இரண்டு வழி இருக்கிறது. ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு மணி நேரம் வைத்து, திறப்பதற்கு இருபது நிமிடம் முன் வெளியே எடுக்கலாம். அல்லது வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டு இருபது முதல் முப்பது நிமிடம். வெறும் ஐஸை மட்டும் கொட்டாதீர்கள். கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், பாட்டிலோடு ஒட்டாது. ஃப்ரீசர் கூடவே கூடாது. மறந்துபோனால் பாட்டில் வெடிக்கும்.

திறந்த பிறகு பாட்டிலைத் திரும்ப ஐஸ் வாளியில் வைக்க வேண்டாம். மேஜை மேலேயே இருக்கட்டும்.

6. கிளாஸும் அதைக் கழுவுவதும்

ஃப்ளூட் கிளாஸ் குமிழிகள் வரிசையாக மேலேறுவதைப் பார்க்க அழகு. வாய் குறுகல் என்பதால் மூக்குக்கு அதில் வேலையில்லை. அகலக் கிண்ணம் போன்ற பழைய கூப் கிளாஸில் வாசனை எல்லாப் பக்கமும் சிதறிப்போகும். நடுவில் அகன்று விளிம்பில் குவியும் டியூலிப் கிளாஸ்தான் சரி. அது இல்லையென்றால் சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் போதும்.

சோப்பில்லாமல் வெந்நீரில் அலசி, கவிழ்த்து வைத்து, மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சோப்பின் சவ்வு மிச்சமிருந்தால் நுரை நிற்காது. துணியால் துடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் காட்டியிருப்பது போல, குமிழிகள் பெரும்பாலும் கிளாஸில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத செல்லுலோஸ் இழைகளிலிருந்தே கிளம்புகின்றன. மெஷினில் கழுவிப் பளிச்சென்று காய்ந்த கிளாஸில் நல்ல ஷாம்பெய்னும் செத்தது போலக் கிடக்கும். அதனால் குமிழி இல்லையென்று தோன்றினால், பாட்டிலைக் குறை சொல்வதற்கு முன் கிளாஸை மாற்றிப் பாருங்கள்.

7. திறப்பது

அவசரப்படுபவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். புதிய பாட்டிலில் ஐந்து, ஆறு பார் அழுத்தம் இருக்கும். பழையதில் எவ்வளவு மிச்சமென்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் முழு அழுத்தமும் இருக்கிறது என்று நினைத்துத்தான் கையாள வேண்டும்.

மேலுறையை உரியுங்கள். கம்பிக் கூண்டின் வளையத்தை ஆறு அரைச் சுற்று சுற்றினால் தளர்ந்துவிடும். தளர்ந்த நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் தலையை விட்டு நகரக் கூடாது. கூண்டை முழுதாகக் கழற்ற வேண்டாம்; கார்க்கோடு சேர்த்தே பிடித்துக்கொண்டால் பிடி வழுக்காது. துணியைப் போர்த்தி, பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, யார் முகமும் விளக்கும் இல்லாத பக்கம் திருப்புங்கள்.

இப்போது கார்க்கைத் திருகாதீர்கள், பாட்டிலின் அடியைப் பிடித்துச் சுற்றுங்கள். பழைய கார்க் காய்ந்து, கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். தலையைப் பிடித்து முறுக்கினால் விசை எல்லாம் கழுத்து மட்டத்தில் சேர்ந்து, கார்க் அங்கேயே இரண்டாக முறிந்துவிடும். பாட்டிலைச் சுற்றும்போது முதலில் ஒன்றுமே நகராது. கொஞ்சம் பொறுத்தால் ஒட்டு விடுபடுவது கையில் தெரியும். மிகச் சிறிய வழுக்கல். அதன் பிறகு நீங்கள் செய்ய வேண்டியது கார்க் வெளியே வருவதை எதிர்த்து உள்ளே அழுத்திக்கொண்டிருப்பது மட்டும்தான். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வரும். வயதானதில் அதுவும் வராது. சத்தம் வரவில்லை என்பதற்காகப் பாட்டில் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கார்க் முறிந்தால்? பதற்றம் வேண்டாம். பாட்டிலை ஐஸ் வாளியில் இன்னும் பதினைந்து நிமிடம் வையுங்கள், அழுத்தம் அடங்கும். பிறகு தடித்த துணியால் கழுத்தைச் சுற்றி, முகத்தை விலக்கி, திருகியை மெதுவாக இறக்குங்கள். திருகி போகும் துளை வழியாகவே வாயு சீறி வெளியேறலாம். சீறினால் நிறுத்தி, அடங்கிய பிறகு தொடருங்கள். இழுக்கும்போதும் ஒரு கை கார்க்கின் மேல் இருக்கட்டும். இரண்டு தகடு உள்ள கார்க் எடுக்கும் கருவி இங்கே ஆகாது. இன்னும் அழுத்தம் இருந்தால் அது கார்க்கை உங்கள் பக்கம் தள்ளிவிடும்.

வெளியே வந்த கார்க்கைப் பாருங்கள். படிவு நீக்கி ஓரிரு ஆண்டு ஆன கார்க், எடுத்தவுடன் அடிப்பக்கம் பாவாடை போல விரியும். பத்துப் பதினைந்து ஆண்டு கழுத்துக்குள் நசுங்கியிருந்தது விரியாமல் முளைக்குச்சி மாதிரி நேராகவே இருக்கும். லேபிளில் தேதி இல்லாத பாட்டிலுக்கு இதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி. "சமீபத்தில்தான் படிவு நீக்கியது" என்று கடைக்காரர் சொன்ன பாட்டிலில் முளைக்குச்சி வந்தால், அடுத்த முறை அந்தக் கடையில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

8. ஊற்றுவது

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, உட்சுவரில் வழியுமாறு ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் விழும் வேகத்தில் நிறைய கார்பன் டை ஆக்சைடு வீணாகிறது என்று 2010-இல் லிஜே-பெலேர் குழு அளந்தே காட்டியது. இளம் ஷாம்பெய்னுக்கு அந்த இழப்பு பெரிதல்ல. இருபது வயதானதிடம் இருப்பதே கொஞ்சம்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மேலே உள்ள காலி இடத்தில்தான் வாசனை சேரும். முதல் சுற்று ஆளுக்கு 50 மில்லி அளவு. மீதியைப் பாட்டிலில் விட்டுவையுங்கள்.

டிகேன்டரில், அதாவது ஒயினைக் காற்றுப் பட மாற்றி ஊற்றும் அகன்ற கண்ணாடிக் குடுவையில், ஊற்றலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். சிலர் செய்கிறார்கள். நான் பழையதற்குச் செய்வதில்லை. காற்றுத் தேவையென்றால் கிளாஸிலேயே கிடைக்கும், போன வாயுவைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

9. பார்ப்பது

இதற்கு அரை நிமிடம் போதும். வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்து நிறத்தைக் குறியுங்கள்: வெளிர் மஞ்சள், பொன், பழைய பொன், செம்பு. பளபளப்பு இருக்கிறதா, மங்கலா? குமிழிகள் சிறிதாகவும் குறைவாகவும் இருக்கும். கார்க் வழியாகப் பல ஆண்டுகளாக வாயு கசிந்ததால் அப்படி. அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள்.

10. முகர்வது

கிளாஸைச் சுழற்றாமல் முதலில் முகருங்கள். மூக்கை விளிம்புக்கு மெல்லக் கொண்டுபோங்கள். ஒரேயடியாக உள்ளே விட்டால் கார்பன் டை ஆக்சைடு சுருக்கென்று குத்தி, அடுத்த சில நொடிகளுக்கு வேறெதுவும் தெரியாது. சிறு சிறு முகர்வுகள், நடுவில் இடைவெளி.

பிறகு ஒருமுறை மென்மையாகச் சுழற்றி மறுபடி முகருங்கள். முதலில் வந்ததும் இப்போது வருவதும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

என்ன தேடுவது? மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டால் எளிது. முதலாவது பழம்: எலுமிச்சை, பச்சை ஆப்பிள் இளமைக்கு அறிகுறி, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், உலர்ந்த அத்தி, உலர்ந்த பாதாமி மூப்புக்கு. இரண்டாவது ஈஸ்ட் படிவு தந்தது: சூடான பன், வெண்ணெய், பிஸ்கட். மூன்றாவது கார்க் அடித்த பிறகு வந்தது: தேன், வறுத்த முந்திரி, பாதாம், காபிக்கொட்டை, சுக்கு, காளான், ஈர மண். மூன்றாம் அடுக்கு முன்னே நின்று, பின்னால் முதல் அடுக்கு இன்னும் கேட்டால், ஒயின் நல்ல இடத்தில் இருக்கிறது. மூன்றாம் அடுக்கு மட்டுமே இருந்தால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

வாசனைகளை உங்களுக்குத் தெரிந்த பெயரில் எழுதுங்கள். பிரெஞ்சுக் குறிப்புகளில் அடிக்கடி வரும் பிரியோஷ் ரொட்டியைச் சாப்பிட்டே இராதவர் "பிரியோஷ்" என்று எழுதுவதில் பயனில்லை. "நெய்யில் முந்திரி வறுக்கும்போது, சிவக்கிறதற்குச் சற்று முன்" என்று ஒருவர் சொன்னால் மேஜையில் இருக்கும் தமிழர் அத்தனை பேருக்கும் அந்த இடம் பிடிபட்டுவிடும்.

பெயர் எதுவும் வரவில்லையா, விடுங்கள். இனிப்பு வாசனையா, கார வாசனையா, மண் வாசனையா என்று குறித்தாலே முதல் நாளுக்குப் போதும்.

11. வாயில் எடுத்துக்கொள்வது

ஒரு மடக்கு, ஆனால் நாக்கு முழுக்க நனையும் அளவுக்கு. ஐந்தாறு நொடி வாயில் வைத்திருங்கள். குமிழி அடங்கட்டும். அடங்கிய பிறகு மிச்சமிருக்கும் ஒயினைத்தான் நீங்கள் மதிப்பிட வேண்டும்.

மூன்று கேள்விகள். நுரை நாக்கில் குத்துகிறதா, கிரீம் போலப் படர்கிறதா? புளிப்பு உயிரோடு இருக்கிறதா, அதாவது விழுங்கியதும் வாயின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா? சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது? மூன்றாவது கேள்விக்குக் கடிகாரம் பார்த்தாலும் தப்பில்லை. நல்ல பழைய வின்டேஜ் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும். நிற்கும்போது மாறிக்கொண்டும் இருக்கும்.

துப்புவதற்குக் கூச்சப்பட வேண்டாம். 12, 12.5 சதவீத ஆல்கஹால். மூன்று பாட்டில் இருக்கும் மாலையில் துப்பாதவரின் கடைசிக் குறிப்பு எப்போதும் "அருமை" என்று மட்டும்தான் இருக்கும்.

12. காத்திருப்பது

முதல் கிளாஸை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி என்று மூன்று முறை திரும்பி வாருங்கள். பல ஆண்டு மூடிக் கிடந்ததால் கந்தகச் சேர்மங்களின் வாசனை முதலில் எழும்பும். எரிந்த தீக்குச்சி, சில சமயம் பழைய அலமாரி. காற்றுப் பட்டதும் அது கலைந்து உள்ளே இருப்பது வெளியே வரும்.

இதற்கு ஓர் உச்சகட்ட உதாரணம் உண்டு. 2010-இல் பால்டிக் கடலில், ஆலண்ட் தீவுகளுக்கு அருகே மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 பாட்டில் ஷாம்பெய்ன் எடுத்தார்கள். சுமார் 170 ஆண்டு கடலடியில் இருந்தவை. ரெய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, முதலில் முகர்ந்தவர்களுக்கு வந்தது விலங்கு வாசனை, ஈர மயிர், சீஸ். கிளாஸைச் சுழற்றிக் காற்றுக் கொடுத்த பிறகு புகை, மசாலா, தோல், கூடவே பழமும் பூவும். 170 வருடத்துக்கே இப்படியென்றால் உங்கள் 1996-க்கு அரை மணி நேரம் கொடுக்கக் கூடாதா?

சில ஒயின்கள் எதிர்த்திசையில் போகும்: முதல் பத்து நிமிடம் பிரமாதம், அப்புறம் சரிவு. மிகவும் வயதானவற்றில் இது நடக்கும். அதனால்தான் முதல் முகர்விலேயே எழுதத் தொடங்கச் சொன்னது.

13. வயதா, குறையா?

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இதில். வாசனையை மட்டும் பார்க்காமல், நேரம் போகப் போக அது என்னவாகிறது என்று பாருங்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த நிலவறை: இது கார்க் கெடுதல். நேரம் ஆக ஆகக் கூடும், பழச்சுவையை அமுக்கிவிடும். மருந்தில்லை, கடையில் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். வெளியே எடுத்த கார்க்கை முகர்ந்து இதைத் தீர்மானிக்க முடியாது, கார்க் எப்போதும் கார்க் மாதிரிதான் மணக்கும். கிளாஸில் இருப்பதை முகருங்கள்.

எரிந்த தீக்குச்சி: மேலே சொன்னதுதான். கலைந்துவிட்டால் குறையில்லை.

வெந்த முட்டைக்கோஸ்: கலையாமல் நின்றால் வெளிச்சத்தில் பட்ட அடி. நிறமில்லாத பாட்டில் என்றால் சந்தேகமே வேண்டாம்.

அடிபட்டுப் பழுப்பேறிய ஆப்பிள்: இதில்தான் நிதானம் தேவை. தேன், பருப்போடு சேர்ந்து பின்னணியில் கொஞ்சம் வந்தால் அது வயது; சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது, இரண்டும் நியாயமே. ஆப்பிளைத் தவிர வேறெதுவும் இல்லாமல், வாயில் புளிப்பும் சப்பென்று, விழுங்கியதும் சுவை சட்டென்று அறுந்தால் ஒயின் ஆக்சிஜனேற்றத்தில் போய்விட்டது.

குமிழி இல்லாததை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை, கவனித்திருப்பீர்கள்.

14. கூடச் சாப்பிட

மதிப்பிட்டு முடிக்கும் வரை தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் தவிர எதுவும் வேண்டாம். பிறகு பழைய கோம்தே அல்லது பார்மசான் சீஸ், வெண்ணெயில் வதக்கிய காளான், காரமில்லாத கோழி ரோஸ்ட். இவற்றின் பருப்பு, மண் சுவைகள் ஒயினில் ஏற்கெனவே இருப்பவை.

கேக் வெட்டி ஷாம்பெய்ன் குடிக்கும் வழக்கத்தை இந்தப் பாட்டிலோடு வைத்துக்கொள்ளாதீர்கள். ப்ரூட் எனப்படும் இனிப்புக் குறைந்த வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரைதான். கேக்கின் இனிப்புக்குப் பிறகு ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். மிளகாய்க் காரமும் அப்படித்தான், நாக்கு எரியும்போது குமிழி அதை இன்னும் கிளப்பும்.

15. ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டில் இருந்தால்

வின்டேஜ் இல்லாத சாதாரண ஷாம்பெய்ன் ஒன்றை முதலில் ஊற்றுங்கள். இளமை எப்படி இருக்கும் என்று நாக்குக்கு நினைவூட்டாமல் மூப்பை அளக்க முடியாது. அதன் பிறகு இளையதிலிருந்து மூத்ததற்கு. சர்க்கரை அளவு வேறுபட்டால் குறைந்ததிலிருந்து கூடியதற்கு.

பணம் இருந்தால் செய்ய வேண்டிய ஒரே ஒப்பீடு, ஒரே அறுவடை, வெவ்வேறு படிவு நீக்கத் தேதி. டோம் பெரினியோனில் முதல் வெளியீட்டையும் பி2-வையும் அருகருகே வைக்கலாம். பொலான்ஜேயில் அதன் வழக்கமான வின்டேஜான கிராண் அன்னேயையும் ஆர்.டி.யையும். முதல் படியில் சொன்ன இரண்டு வித மூப்பும் அங்கே மூக்கிலேயே பிரிந்து தெரியும். இரண்டு கிளாஸையும் ஒரே நேரத்தில் ஊற்றி, மாறி மாறி முகருங்கள்.

16. மிச்சம்

ஷாம்பெய்னுக்கான இறுக்கு மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிடுவதால் ஒன்றும் ஆகாது. ஃப்ரிட்ஜில் இருக்கும் மிச்சத்தை மறுநாள் மாலை 13 டிகிரியில் ஒரு கிளாஸ் ஊற்றிப் பார்த்து, முந்தைய நாள் குறிப்போடு ஒப்பிடுங்கள். அப்போதும் புளிப்பு நிமிர்ந்து நின்றால், அதே ஒயினின் இன்னொரு பாட்டிலை இன்னும் சில ஆண்டு தைரியமாக விட்டுவைக்கலாம். சரிந்திருந்தால் அதைச் சீக்கிரம் திறந்துவிடுங்கள்.